ஈஸ்ட் எதுக்குத் தம்பி?

போன டிசம்பர் லீவில் நாங்கள் நாலு பேரும் ஹட்டன் டவுனில் ஒரு பலசரக்குக் கடைக்குப் போய் ஈஸ்ட் கேட்டோம்.

"எவ்வளவு?"

"அரைக் கிலோ பெக்கட் ஒண்ணு."

கடைக்காரர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு பொடியன்கள், இரண்டு பிள்ளைகள், எல்லார் தோளிலும் கம்பஸ் பேக்.

"ஈஸ்ட் எதுக்குத் தம்பி?"

"பாண் போட அண்ணே."

"பாணா? லயத்துல எங்க தம்பி போறணை?"

எங்களிடம் பதில் இல்லை. அவர் உள்ளே போய்ச் சின்ன பெக்கட் ஒன்றை எடுத்து வந்து வைத்தார். "இது போதும். மாவுக்கு இதுவே மிச்சம்." காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டார்.

பஸ்ஸில் ஏறியதும் மூன்று பேர் சிரித்தோம். ஒருத்தி சிரிக்கவில்லை. அது ஏன் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

பாண் போட இல்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்களுக்குப் பியர் செய்யும் ஆசை. யாரோ ஒரு அமெரிக்கர் சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு இருபது லீட்டர் பியர் செய்யும் வீடியோவை ஹொஸ்டலில் பார்த்தோம். பார்லி மோல்ட், ஹொப்ஸ், தண்ணீர், ஈஸ்ட், அவ்வளவுதான். நூறு வருடத்துக்கு மேல் பியர் காய்ச்சிய மலையில் பிறந்துவிட்டு நாம் ஏன் செய்யக்கூடாது என்று பேச ஆரம்பித்தோம். இன்னொரு காரணமும் இருந்தது. எங்களில் இரண்டு பேர் பெண்கள். பெண்ணுக்கு மது விற்கக்கூடாது என்ற தடை இந்த நாட்டில் இருந்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாள்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். "விக்க மாட்டேன்னா நாங்களே செஞ்சுக்கிறோம்" என்பது வீறாப்பாகத்தான் இருந்தது.

முதல் கேள்வியே ஈஸ்ட். மோல்டையும் ஹொப்ஸையும் கொழும்பில் யாரிடமாவது கேட்டு வாங்கலாம் என்று நினைத்தோம். ஈஸ்ட் ஹட்டனிலேயே கிடைக்கிறதே, அதை முதலில் வாங்குவோம் என்று போனோம். வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் வாசித்தோம். எப்போதும் போல.

வாசித்ததில் முதலாவது: அரைக் கிலோ கேட்டது முட்டாள்தனம். பியருக்கென்று விற்கும் உலர்ந்த ஈஸ்ட் பெக்கட் ஒன்று 11 கிராம் அளவுதான் இருக்கும். இருபது லீட்டருக்கு அது போதும். கடைக்காரர் சந்தேகப்பட்டதில் ஒரு பிழையும் இல்லை.

இரண்டாவது: ஈஸ்ட் ஓர் உயிர். ஒற்றைக் கலம் கொண்ட பூஞ்சை. சீனியைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடும். பாணில் அந்த வாயுதான் மாவை ஊத வைக்கிறது, ஆல்கஹால் போறணைச் சூட்டில் போய்விடுகிறது. பியரில் இரண்டும் தங்குகின்றன. மனிதர்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக இது என்னவென்று தெரியாமலேயே இதை வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். 1516இல் ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு சட்டம் போட்டார்கள்: பியரில் பார்லி, ஹொப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது. அதில் ஈஸ்ட் என்ற பேச்சே இல்லை. அது ஓர் உயிர் என்பது அவர்களுக்குத் தெரியாது. புளிப்பது உயிருள்ள ஒன்றின் வேலை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் காட்டிய பிறகுதான் விஷயம் தெளிந்தது. 1883இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் கலத்தைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து சுத்தமான ஒரு வளர்ப்பை உண்டாக்கினார். அதுவரை நல்ல ஈஸ்டும் கெட்ட ஈஸ்டும் ஒரே தொட்டியில் கலந்து கிடந்தன. பியர் புளித்துப்போனால் விதியை நொந்துகொள்வதைத் தவிர வழியில்லை. ஹான்சனுக்குப் பிறகுதான் ஈஸ்டை நம்பித் தெரிவு செய்ய முடிந்தது.

மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியமானது. பியர் ஈஸ்டில் பெரிய பிரிவு இரண்டு. ஒன்று ஏல் ஈஸ்ட். இது கிட்டத்தட்ட 15 முதல் 22 பாகை வரையிலான சூட்டில் வேலை செய்யும், பழ மணம் தரும், ஒன்று இரண்டு கிழமைகளில் வேலையை முடித்துவிடும். மற்றது லாகர் ஈஸ்ட். அதற்கு 8 முதல் 14 பாகைக் குளிர் வேண்டும். மெதுவாகப் புளித்து, பிறகு இன்னும் குளிரில் கிழமைக் கணக்கில் கிடந்து தெளியும். கடையில் விற்கும் பியர்களில் பெரும்பாலானவை லாகர். இந்த லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். அதன் ஒரு பக்கப் பெற்றோர் பாண் ஈஸ்டின் சொந்தக்காரர். மறுபக்கத்தை நீண்ட நாள் தேடி, 2011இல் ஆர்ஜென்டினாவின் பட்டகோனியாக் காட்டு மரங்களில் கண்டுபிடித்தார்கள். குளிரைத் தாங்கும் குணம் அங்கிருந்து வந்தது.

ஆகவே எந்த ஈஸ்ட் என்று கேட்கும்போது முதலில் நம்ம வீட்டுக் குளிர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எங்களில் ஒருவனின் லயம் நானுஓயாவுக்குப் பக்கத்தில். அவன் காம்பராவில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு இரண்டு நாள் பார்த்தோம். மத்தியானம் 19, விடியற்காலை 13. லாகருக்குப் பகலில் சூடு அதிகம். ஏலுக்கு இரவில் குளிர் அதிகம், ஈஸ்ட் அப்படியே தூங்கிவிடும். ஏல் ஈஸ்டை எடுத்து, ராவையில் வாளியைக் கம்பளியால் சுற்றி வைத்தால் சரிவரும் என்று கணக்குப் போட்டோம். எங்கள் பாட்டிமார் கொழுந்து பறிக்கப் போகும்போது தலையில் கொங்காணியாகப் போட்ட கம்பளி, இப்போது பியர் வாளிக்கு!

இந்தக் குளிர்தான் வெள்ளைக்காரர்களையும் இங்கே பியர் காய்ச்ச வைத்தது. குளிரூட்டி இல்லாத காலத்தில், சூடான ஒரு தீவில் பியர் கெட்டுப்போகாமல் புளிக்க நுவரெலியாவை விட்டால் வேறு இடம் ஏது? கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், சராசரி வெப்பம் 16 பாகை அளவு. 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை வைத்த சாமுவேல் பேக்கர்தான் இங்கே முதலில் பியர் காய்ச்சினார் என்று சொல்வார்கள். பின்னால் ஆப்பிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போன அதே பேக்கர்தான். லயன் பியரின் கதை 1881இல் தொடங்குகிறது. லவர்ஸ் லீப் நீர்வீழ்ச்சிப் பக்கமிருந்து வரும் தண்ணீரில் அந்தத் தொழிற்சாலை நீண்ட காலம் ஓடியது. 1990களின் இறுதியில் பியகமவில் பெரிய தொழிற்சாலை வந்ததும் வேலை கீழே இறங்கிவிட்டது. மெஷின் குளிர் இருந்தால் மலைக் குளிர் எதற்கு?

பியரைப் பற்றி எழுதிய மைக்கேல் ஜாக்சன் என்ற பிரித்தானியர் (பாட்டுக்காரர் இல்லை, இது வேற ஆள்) லயன் ஸ்டவுட்டை ரொம்பவும் புகழ்ந்திருக்கிறார். அதன் மோல்ட் ஐரோப்பாவிலிருந்து வந்தது, ஹொப்ஸ் ஸ்லோவேனியாப் பக்கத்திலிருந்து வந்தது, ஈஸ்ட் இங்கிலாந்து வகை, எல்லாமே மலைப்பாதையில் ஏறி வந்தவை என்று அவர் எழுதினார். அதாவது தண்ணீரும் குளிரும் மட்டும்தான் உள்ளூர். நாங்களும் அதே நிலைமையில்தான் இருந்தோம். நல்ல ஏல் ஈஸ்ட் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். எங்கள் கையில் இருந்தது ஹட்டன் கடையின் பாண் ஈஸ்ட்.

பாண் ஈஸ்டில் பியர் வருமா? வரும். ஏல் ஈஸ்டும் பாண் ஈஸ்டும் ஒரே இனம். ஆனால் நாட்டு நாய்க்கும் வேட்டை நாய்க்கும் உள்ள வித்தியாசம் உண்டு. பாண் ஈஸ்டை மனிதர்கள் வேகத்துக்காக வளர்த்தெடுத்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் மா பொங்க வேண்டும், அதுதான் அதன் வேலை. அதனால் நிறைய வாயு விடும், அடியில் ஒழுங்காகப் படியாது, பியர் கலங்கியே கிடக்கும், மாவு வாசமும் போகாது. பியர் ஈஸ்டை வளர்த்தது பொறுமைக்காக. எவ்வளவு சீனியைத் தின்று எவ்வளவை மிச்சம் விடும், முடிந்ததும் எவ்வளவு இறுக்கமாக அடியில் படியும், என்ன மணம் தரும், எவ்வளவு ஆல்கஹாலைத் தாங்கும் என்றெல்லாம் பார்த்துத்தான் எடுப்பார்கள். கோதுமைப் பியரில் வரும் வாழைப்பழ வாசத்தையும் கராம்பு வாசத்தையும் பழமோ கராம்போ போடாமல் ஈஸ்டே கொண்டுவருகிறது.

இதையெல்லாம் அன்றைக்குப் பின்னேரம் நானுஓயா லயத்தின் இஸ்தோப்பில் உட்கார்ந்து பெரிய விஞ்ஞானிகள் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பஸ்ஸில் சிரிக்காதவள் வாயைத் திறந்தாள். இதை அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். எழுதியதை அவளே வாசித்து இரண்டு இடத்தில் திருத்தினாள்.

"நீங்க எந்த ஈஸ்ட் நல்லதுன்னு தேடுறீங்க. நான் ஆறாம் ஆண்டு படிக்கிறப்ப சனிக்கெழம சனிக்கெழம கடைக்குப் போயி ஈஸ்ட் வாங்கிட்டு வந்திருக்கேன். அப்பா அனுப்புவாரு. யாராச்சும் கேட்டா அப்பத்துக்குன்னு சொல்லுன்னு சொல்லிக் குடுத்தாரு. யாரும் கேக்கல. ஒரு நா கூட யாரும் கேக்கல."

அவள் அப்பா கசிப்புக் காய்ச்சினார். லயத்துக்குக் கீழே கானு ஓடும் பள்ளத்தில், புல்லு மூடி ஒரு பரல் இருந்தது. சீனி, தண்ணீர், ஈஸ்ட். அதற்குக் கோடா என்று பெயர் இருப்பதே பிறகு பேப்பரில் "கோடா மீட்பு" என்று செய்தி வாசித்தபோதுதான் அவளுக்குத் தெரியும். காய்ச்சி விற்றார், விற்றதைவிட அதிகம் குடித்தார். அவள் சாதாரணதரப் பரீட்சை எழுதிய வருடம் ஈரல் பழுதாகிச் செத்துப்போனார்.

"அந்த அண்ணே எதுக்குன்னு கேட்டாருல்ல. எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்ப ஒரு ஆள் இப்டிக் கேட்டிருந்தா நான் உண்மையச் சொல்லியிருப்பேன்னு நெனைக்கிறேன். சின்னப்புள்ளதானே."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. உள்ளே அடுப்பில் பிளேன்டீக்குத் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தப் பரலில் போட்டதும் எங்கள் மேசையில் இருந்ததும் ஒரே சாமான். ஒரே இனம், ஒரே பெக்கட். அங்கே யாரும் ஈஸ்டைத் தெரிவு செய்யவில்லை, வேகத்தைத்தான் தெரிவு செய்தார்கள். பொலிஸ் வருவதற்கு முதல், அடுத்த சம்பளத்துக்கு முதல் முடிய வேண்டும். வெறும் சீனித் தண்ணீரில் ஈஸ்டுக்குச் சத்து இல்லை. சூட்டில், அவசரத்தில் அது திணறும்போது தலையைப் பிளக்கும் கனமான ஆல்கஹால்கள் அதிகம் உண்டாகும். காய்ச்சி வடிக்கும்போது அதைப் பிரிக்கவும் யாரும் மினக்கெடுவதில்லை. கண் பார்வையைப் பறிக்கும் மெத்தனோலை ஈஸ்ட் சீனியிலிருந்து பெரிதாக உண்டாக்குவதில்லை. அது பெரும்பாலும் மனிதன் கொண்டுவந்து கலப்பது. ஈஸ்ட் மேல் பழி போட முடியாது.

எங்களில் ஒருவன் கூலிக் கதையை எடுத்தான். 2021இல்தான் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது, 2024இல் 1,350. ஒரு முழுப் போத்தல் சாராயம் வாங்க இரண்டு நாள் பேருக்கு மேல் வேண்டும். அப்போது கசிப்புத்தானே மிஞ்சும்? தவறணையைத் தோட்டத்துப் பக்கத்தில் வைத்துக் கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்டது யார்? இப்படி அவன் பேசிக்கொண்டே போனான். கம்பஸில் இதை ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறான். பிழை ஒன்றும் இல்லை, எல்லாம் சரியான பேச்சு.

அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்க அம்மாவுக்கும் அதே சம்பளந்தான். அவங்க காய்ச்சல."

அதற்கு எங்களிடம் இன்றுவரை பதில் இல்லை. கூலிக் கதையும் உண்மை, அவள் சொன்னதும் உண்மை. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு எழுதினால் கட்டுரை லேசாக முடிந்துவிடும். நாங்கள் இரண்டையும் இங்கே வைக்கிறோம்.

இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு உள்ளே இருந்த அப்பாயி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். அவர் பிறந்தது கினிகத்தேனைப் பக்கம். அங்கே கித்துள் மரம் உண்டு. "அப்பத்துக்கு ஈஸ்டா? எங்க காலத்துல ஏது ஈஸ்ட்? கித்துள் கள்ளு கொஞ்சம் ஊத்துவோம். கள்ளு கெடைக்காத நாளுக்குப் பழைய மாவு." கித்துள் கள்ளில் காற்றிலும் மரத்திலும் பானையிலும் இருந்து வந்து சேர்ந்த ஈஸ்ட் தானாகவே வாழ்கிறது. கூடவே புளிக்க வைக்கும் பக்டீரியாவும் இருக்கும். அதனால்தான் அந்த அப்பத்துக்கு ஒரு தனிப் புளிப்பு.

"எந்த மாவ எடுத்து வைக்கிறதுன்னு எப்டித் தெரியும் அப்பாயி?"

"நல்லாப் பொங்குன மாவுல ஒரு கை எடுத்து வைப்பேன். பொங்காதத, நாத்தம் வாறதக் கொட்டிருவேன். வேறென்ன?"

வேறென்ன! ஹான்சன் நுண்ணோக்கியில் செய்ததும் இதுதானே. நல்லதைப் பார்த்து எடுத்து வைப்பது, கெட்டதைக் கொட்டுவது, அடுத்த முறைக்கும் அதையே வளர்ப்பது. எங்கள் வீட்டுப் பெண்கள் இதை ஒரு மண்சட்டியில் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். நாங்கள் அதைத் தேடி அமெரிக்க வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

பியர் செய்யவில்லை. சட்டமும் ஒரு காரணம். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி இந்த நாட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வாளி பியரும் அதற்குள் வரும். இதை முதலிலேயே வாசித்திருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால், எங்களை நிறுத்தியது சட்டம் இல்லை. அவள் எதிரே உட்கார்ந்திருக்க ஒரு வாளியில் ஈஸ்ட் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியாது.

பிரித்த பெக்கட்டை என்ன செய்வது என்று கேட்டபோது அவளே சொன்னாள், நத்தாருக்கு இஞ்சிப் பியர் போடுவோம் என்று. ஈஸ்டையும் அவளே போட்டாள். இரண்டு லீட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சீனி, துருவிய இஞ்சி ஒரு கைப்பிடி, இரண்டு தேசிக்காய். காய்ச்சி, வடித்து, கைச்சூட்டுக்கு ஆறிய பிறகு கால் தேக்கரண்டி ஈஸ்ட். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் ஈஸ்ட் செத்துப்போகும். கண்ணாடிப் போத்தலில் ஊற்றக்கூடாது, வாயு ஏறினால் வெடிக்கும். சோடா வரும் பிளாஸ்டிக் போத்தலில் மூன்று விரல் இடம் விட்டு ஊற்றி, போத்தலை அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்லு மாதிரி இறுகியதும் பிரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் அடங்கிவிடும். கொழும்பில் ஒரு நாளில் இறுகும். நானுஓயாக் குளிரில் எங்களுக்கு மூன்று நாள் எடுத்தது. அவசரப்படாத வேலைக்குப் பாண் ஈஸ்டும் அவசரப்படாமல் ஒத்துழைக்கும் என்று அப்போது தெரிந்தது. இதிலும் துளி ஆல்கஹால் உண்டாகும்தான். சீக்கிரம் குளிரில் வைத்து, சீக்கிரம் குடித்து முடித்துவிட வேண்டும்.

நாலாம் நாள் மூடியைத் திறந்தபோது அவள் முதலில் மோந்து பார்த்தாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"தேசிக்கா பத்தாது" என்றாள்.

அப்பாயி ஒரு மிடறு குடித்துவிட்டுக் காரம் போதாது என்றார். அடுத்த போத்தலுக்கு இரண்டையும் கூட்டினோம்.

கடைசியாக ஒன்று. இதை வாசிக்கிற உங்களில் பலரின் வீட்டில், சொந்தத்தில், டவுனில் கடை இருக்கும். லீவில் நீங்களும் பட்டறையில் நின்றிருப்பீர்கள். எங்களைப் போல நாலு வளர்ந்ததுகள் வந்து அரைக் கிலோ ஈஸ்ட் கேட்டால் உங்கள் இஷ்டம். ஆனால் ஒரு சின்னப்பிள்ளை தனியாக வந்து ஈஸ்ட் கேட்டால், கோபப்படாமல், மிரட்டாமல், அந்த அண்ணன் எங்களைக் கேட்ட மாதிரி ஒரு தடவை கேளுங்கள். எதுக்குன்னு.